அது நான் இல்லை, டீச்சர்

கபாசோ தலைநகர் லுசாகாவுக்கு பஸ் ஏறிப் போனது போன மழைக்காலத்தில். இதோ அடுத்த மழையும் வந்துவிட்டது. "ஒரு வேலை கிடைச்சதும் மும்பியைக் கூட்டிக்கறேன் அக்கா" என்று பிள்ளையின் கையைப் பிடித்துத் தமக்கையிடம் கொடுத்துவிட்டுப் போனவள். ஆரம்பத்தில் வாரம் தவறாமல் போன் பண்ணினாள். பிறகு மாதத்துக்கு ஒன்று. இந்தக் கிறிஸ்துமஸுக்கு அதுவும் இல்லை.

மும்பி பெரியம்மா வீட்டில் வளர்கிறாள். அந்தப் பெரியம்மாவை ஊர் லுபுட்டோ அம்மா என்றுதான் கூப்பிடும்.

எங்கள் ஏரிக்கரையில் முதல் பிள்ளை பிறந்ததோடு ஒரு பெண்ணின் சொந்தப் பெயர் தீர்ந்தது. பிள்ளையின் பெயர்தான் அவளுக்கும். பிள்ளை செத்தாலும் அவள் பெயர் மாறாது. லுபுட்டோ மழைக்காலக் காய்ச்சலில் போனான். இரண்டாம் வகுப்பை முடிக்கவில்லை. அவனைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள் காலையிலேயே பக்கத்து வீட்டுக்காரி "லுபுட்டோம்மா, நெருப்பு இருக்கா?" என்று கேட்டாள். அன்று முதல் இன்று வரை மீன் சந்தையிலும் குழாயடியிலும் சர்ச்சிலும் அந்தப் பெயர் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவள் அதைக் கேட்டுத்தான் உயிரோடு இருந்தாள்.

கூப்பிடாதவன் ஒருத்தன்தான். அவள் புருஷன்.

இன்றைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது. மும்பி ஒண்ணாம் வகுப்பு.

"பெரியம்மா, பல்லு விளக்கிட்டேன். போலாமா?"

"சேவலே இன்னும் சோம்பல் முறிக்கல. கஞ்சியைக் குடிடீ."

"நாம போறதுக்குள்ள டீச்சர் போயிடுவாங்க."

"அவங்க எங்க போவாங்க? பள்ளிக்கூடத்துக்குத்தானே? நாமளும் அங்கதான் போறோம்."

மும்பி அதை யோசித்துப் பார்த்து, சரி என்று பட்டதும் உட்கார்ந்து கஞ்சியைக் குடித்தாள். வேர்க்கடலைப் பொடி மேலுதட்டில் ஒட்டிக்கொண்டது. சீருடை ஒரு சைஸ் பெரிசு. ஒரு தோளை இழுத்துவிட்டால் இன்னொரு தோள் சரிந்தது.

வெளியே தாழ்வாரத்தில் புருஷன் ஊசியும் நூலுமாக வலை பொத்திக்கொண்டிருந்தான். மீன்பிடித் தடைக்காலம். மார்ச் வரைக்கும் எந்தப் படகும் ஏரியில் இறங்கக் கூடாது. கரையில் ஆம்பளைகள் எல்லாரும் கிழியாத வலையைக்கூடப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காலம் இது.

"நீங்களும் வாங்களேன்" என்றாள். "குடும்பத்தோட வரணும்னு சொல்லிவிட்டிருக்காங்க."

"வலை கிடக்குது."

"வலை எங்க ஓடிடப் போவுது?"

அவன் நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். "இந்தா, குடையை எடுத்துட்டுப் போ. வானம் சரியில்ல."

மகன் போனதிலிருந்து அவளுக்கு அவன் வைத்திருக்கும் பெயர் 'இந்தா' என்பதுதான்.

"பெரியப்பா, எல்லாருக்கும் அப்பா வருவாங்க" என்றாள் மும்பி.

"எல்லாருக்குமா? நம்ம தெருச் சொம்பாவோட அப்பன் சாராயக் கடை பெஞ்சில குறட்டை விட்டுட்டு இருப்பான். அவன் வந்தா எனக்குச் சொல்லு, நான் ஓடி வரேன்."

மும்பி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. ஊசியை மறுபடி கண்ணியில் கோர்த்தான்.

புல் விளக்குமாற்றைக் கையில் எடுத்துக்கொண்டு இருவரும் இறங்கினார்கள்.

*

பள்ளிக்கூட கேட்டில் வாட்ச்மேன் ஜெரே நின்றான். கிழக்கத்தி ஆள். அவன் கூட்டமும் எங்கள் கூட்டமும் ஒரு காலத்தில் வெட்டிக்கொண்டு செத்தவர்கள். சண்டை ஓய்ந்த பிறகு கேலி உறவு என்று ஒன்று வந்தது. அவர்கள் எங்களை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், நாங்களும் சொல்லலாம். கோபப்பட்டவன்தான் தோற்றவன்.

"ஏய், மாமரத்துக் குரங்குங்களா, ஓடிப் பொழைச்சுக்குங்க! குரங்குத் தின்னிங்க கூட்டமா வராங்க!" என்று அவன் மரத்தைப் பார்த்துக் கூவினான்.

"வாய மூடுடா எலித் தின்னி" என்றாள் முன்னால் போன சொம்பா அம்மா. "ஸ்டோர் ரூம்ல ஒரு எலி இல்லைன்னு ஹெட்மாஸ்டர் சந்தோஷப்படறார். எங்க போச்சுன்னு எங்களுக்குத் தெரியும்."

"வாலை மட்டும் உனக்கு எடுத்து வெச்சிருக்கேன் அக்கா, போகும்போது வாங்கிக்க."

லுபுட்டோ அம்மாவைப் பார்த்ததும் அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. லுபுட்டோவைப் புதைத்த அன்று இந்த ஜெரேதான் குழிக்குள் குதித்து மல்லாந்து படுத்துக்கொண்டான். "இவன் எங்க ஊர்க்காரன், இந்தக் குழிக்குத் தர மாட்டேன், எடுத்துட்டுப் போங்க வீட்டுக்கு!" என்று அடம் பிடித்தான். அழுதுகொண்டிருந்த சனம் அழுகையோடேயே சிரித்தது. கேலி உறவுக்காரனின் கடமை அது. அவன் அதைச் செய்துவிட்டு ஒரு மரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு அழுததை லுபுட்டோ அம்மா மட்டும் பார்த்தாள்.

"உள்ள போ" என்றான் இப்போது. "மழை வருது."

அவள் கால் கேட்டிலேயே நின்றது. மகன் படித்த காலத்திலும் அவள் கேட் வரைக்கும்தான் வருவாள். அவனைச் சேர்த்த அன்று அவள் காய்ந்த மீன் மூட்டைகளோடு தொலைவிலிருக்கும் கிட்வே நகரச் சந்தையில் இருந்தாள். அந்த வகுப்பறைக்குள் அவள் காலடி வைத்ததே இல்லை.

மும்பி கையைப் பிடித்து இழுத்தாள்.

*

பெஞ்சுகள் எல்லாம் பெரிய வகுப்புகளுக்கு. ஒண்ணாம் வகுப்புக்குச் சிமெண்டுத் தரைதான். சுவரோரமாக அம்மாக்கள் உட்கார்ந்தார்கள், மடியில் ஆளுக்கொரு விளக்குமாறு. நாலைந்து அப்பாக்கள் கதவுப் பக்கம் நெருக்கிக்கொண்டு நின்றார்கள், அடிபடப் போகிறவர்கள் மாதிரி. பிள்ளைகளைக் கரும்பலகைக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார்கள்.

டீச்சர் புதுசு. முலேயா என்று பெயர். தெற்கே சோமா பக்கத்து ஆள். எங்கள் பேச்சைத் தட்டுத் தடுமாறிப் பேசினாள். இங்கே யாரையும் தெரியாது. வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை என்பது அவள் செருப்பில் தெரிந்தது. எங்கள் வெள்ளை மணலுக்கு அந்தக் குதிகால் உயர்ந்த செருப்பு தாங்காது.

"வாங்க, எல்லாரும் வாங்க" என்றாள். "இது உங்க வீடு மாதிரின்னு பொய் சொல்ல மாட்டேன். வீடு வீடுதான். ஆனா உங்க வீட்டுல இருந்து ஒரு துண்டு இங்க வந்து உட்காரப் போவுது. அதை நான் பார்த்துக்கறேன். நானும் இந்த ஊருக்குத் தனியாத்தான் வந்திருக்கேன். எனக்கும் நீங்கதான் சனம்."

அம்மாக்கள் கை தட்டினார்கள். ஒருத்தி "நல்லாப் பேசுது, ஒல்லியா இருக்குது" என்றாள்.

எங்கள் பள்ளிக்கூடத்து வழக்கத்தை முன்னாலிருந்த டீச்சர் இவளுக்குச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பிள்ளையின் பெயரைச் சொல்லி அம்மாவைக் கூப்பிடுவார்கள். அவள் விளக்குமாற்றோடு எழுந்து வந்து, தன் பிள்ளை வருஷம் முழுக்க உட்காரப் போகும் இடத்தைத் தன் கையால் பெருக்கி, பிள்ளையைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும். அதற்கு அப்புறம்தான் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துப் பிள்ளை.

"சொம்பா அம்மா!"

சொம்பா அம்மா எழுந்தாள். மழைக்கு முந்தின தூசி அத்தனையும் அவளுக்காகவே காத்திருந்த மாதிரி பெருக்கினாள். "போதும் அக்கா, சிமெண்டு பேந்துடும்" என்று யாரோ சொல்ல, அறையே சிரித்தது.

"கட்டேபே அம்மா!"

"மலாமா அம்மா!"

ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள், பெருக்கினார்கள், உட்கார வைத்தார்கள். கரும்பலகைக்கு முன்னால் வரிசை மெலிந்துகொண்டே வந்தது.

"மும்பி அம்மா!"

மும்பியின் முகம் சட்டென்று கதவுப் பக்கம் திரும்பியது. பெரியம்மாவும் அதே கதவைத்தான் பார்த்தாள். கூப்பிட்டது தங்கச்சி கபாசோவை. அப்படித்தான் அவள் காதில் விழுந்தது. வேறு யாரையோ கூப்பிட்டதும் நாம் திரும்பிப் பார்ப்போமே, அது மாதிரி பார்த்தாள். விளக்குமாறு மடியிலேயே கிடந்தது.

டீச்சர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனாள்.

பிறகு வரிசையில் யாரும் இல்லை. மும்பி மட்டும் நின்றாள். சரிந்த தோளை இழுத்துவிட்டுக்கொண்டாள். அது மறுபடி சரிந்தது.

"மும்பி அம்மா வரலையா?" என்றாள் டீச்சர்.

சொம்பா அம்மா முழங்கையால் இடித்தாள். "எழுந்திரு, உன்னைத்தான்."

எழுந்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. உடம்பு வரவில்லை. தங்கச்சி உயிரோடு இருக்கிறாள். அவள் பெயரை எடுத்துப் போட்டுக்கொண்டால் அவளைப் புதைத்த மாதிரி. இன்னொன்றும் இருந்தது. இன்றைக்கு இந்த அறையில் இத்தனை பேர் முன்னால் மும்பி அம்மா என்று எழுந்துவிட்டால், நாளைக்குக் குழாயடியில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? லுபுட்டோவுக்கு இந்தப் பூமியில் மிச்சம் இருப்பது அவள் பெயர் ஒன்றுதான்.

"அது நான் இல்லை, டீச்சர்" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "நான் லுபுட்டோ அம்மா."

டீச்சர் பதிவேட்டைப் பார்த்தாள். சிரித்த முகத்தோடுதான் சொன்னாள்.

"லுபுட்டோன்னு இந்த வகுப்புல யாரும் இல்லையேம்மா."

மழை தகரக் கூரையில் இறங்கியது. அத்தனை அம்மாக்களும் தரையைப் பார்த்தார்கள். டீச்சர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். தான் எதையோ மிதித்துவிட்டோம் என்று தெரிந்தது, எதை என்று தெரியவில்லை.

மும்பி நடந்து வந்தாள். பெரியம்மாவின் மடியிலிருந்து விளக்குமாற்றை எடுத்தாள். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் காலியாகக் கிடந்த இடத்துக்குப் போய்த் தானே பெருக்க ஆரம்பித்தாள். அவள் உயரத்துக்கு விளக்குமாறு பெரிசு. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ, புள்ளை..." என்று ஒருத்தி வாயைப் பொத்தினாள்.

அப்போதுதான் கதவுப் பக்கமிருந்து குரல் வந்தது. மழைக்கு ஒதுங்கி நின்றிருந்த ஜெரே.

"ஏ லுபுட்டோம்மா! நீங்க தின்ற குரங்கு மரத்துக்கு மரம் தாவும்போது குட்டியை வயித்துல கட்டிக்கிட்டுத்தானே தாவும்? இத்தனை வருஷமா அதைத் தின்னும் இது தெரியலையா உனக்கு? நகரு, நகரு. எலி புடிச்ச கையானாலும் நான் பெருக்கறேன் அந்தப் புள்ளைக்கு!"

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். வேறு யாராவது அதைச் சொல்லியிருந்தால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். ஜெரே சொன்னால் போக முடியாது. கோபப்பட்டவள் தோற்றவள்.

அவன் டீச்சர் பக்கம் திரும்பினான். "டீச்சர், லுபுட்டோ இந்த வகுப்புல இருந்தான். இப்ப சர்ச்சுக்குப் பின்னாடி இருக்கான். குழியில இறக்க விடாம மறிச்சவன் நான். என் பேச்சை யாரு கேட்டா?"

சொல்லிவிட்டு மழையிலேயே வெளியே போய்விட்டான்.

டீச்சர் சாக்கட்டியைக் கீழே வைத்தாள். லுபுட்டோ அம்மாவுக்கு முன்னால் வந்து, அந்தக் குதிகால் செருப்போடேயே முழங்காலிட்டு உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியாது. மன்னிச்சிடுங்க. உங்களை நான் எப்படிக் கூப்பிடட்டும்?"

ஜன்னல் பக்கம் விளக்குமாறு சிமெண்டில் உரசும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"லுபுட்டோ அம்மான்னே கூப்பிடுங்க டீச்சர். எனக்கு அந்தப் பேரு வேணும்." மும்பியைப் பார்த்தாள். "ஆனா மும்பிக்கு யாரும் வரலைன்னு மட்டும் சொல்லாதீங்க. எப்பக் கூப்பிட்டாலும் நான் வருவேன்."

எழுந்து மும்பியிடம் போனாள்.

"நான் பெருக்கிட்டேன் பெரியம்மா" என்றாள் மும்பி. "நீங்க வர வேணாம்."

பெருக்கியிருந்தாள்தான். குப்பையை எங்கே தள்ளுவது என்று தெரியாமல் தன் காலடியிலேயே குவித்து வைத்திருந்தாள். லுபுட்டோ அம்மா குனிந்து அந்தத் தூசியை இரண்டு கையாலும் அள்ளினாள். ஜன்னலுக்கு வெளியே மழையில் போட்டாள். கையை இடுப்பில் சுற்றியிருந்த சிட்டெங்கேத் துணியில் துடைத்துக்கொண்டு மும்பியை அக்குளில் பிடித்துத் தூக்கினாள். பிள்ளை உடம்பை இறுக்கமாக வைத்துக்கொண்டிருந்தது. உட்கார வைத்த பிறகும் அந்த இறுக்கம் போகவில்லை.

*

அம்மாக்கள் கிளம்பினார்கள். லுபுட்டோ அம்மா கதவு வரைக்கும் போனபோது மும்பி கூப்பிட்டாள்.

"பெரியம்மா."

"என்னடா?"

"லுபுட்டோ எங்க உட்கார்ந்தான்?"

அறையைப் பார்த்தாள். எத்தனை பிள்ளைகள், எத்தனை இடங்கள். எல்லாம் ஒரே சிமெண்டு.

"தெரியலடா" என்றாள்.

அந்த வார்த்தை வீடு வரைக்கும் கூட வந்தது. மூட்டையை இறக்கி வைத்த பிறகும் தோள் வளைந்தே இருக்குமே, அப்படி நடந்தாள். மகனைப் பெற்றாள், அவன் பெயரை ஊரெல்லாம் போட்டுக்கொண்டு நடந்தாள். அவன் வருஷம் முழுக்க உட்கார்ந்திருந்த ஒரு முழத் தரை எது என்று தெரியாது. பின்னாலிருந்து சைக்கிளில் கடந்துபோன மீன் வியாபாரி "எப்படி இருக்க லுபுட்டோம்மா?" என்றான். தலையை மட்டும் ஆட்டினாள்.

புருஷன் தாழ்வாரத்தில் அதே வலையோடு இருந்தான்.

ஈரக் குடையைச் சாய்த்து வைத்துவிட்டு, எதிரே நின்று கேட்டாள்.

"லுபுட்டோ அந்த வகுப்புல எங்க உட்கார்ந்தான்?"

ஊசி நின்றது. அவள் அவனிடம் அந்தப் பெயரைச் சொல்லி எத்தனையோ நாள் ஆகிவிட்டது.

"யார் கேட்டா?"

"மும்பி."

"மும்பி கேட்டா." தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். "நீ ஒரு நாளும் கேட்கலையே."

"நீங்கதான் அவன் பேரையே எடுக்கறதில்ல. எடுத்தா உங்களுக்கு நோகும்னு..."

"நோகுமா!" அவன் வலையைத் தள்ளினான். "சேர்க்கப் போன அன்னிக்கு நான்தான் பெருக்கினேன். ஆம்பளை விளக்குமாறு புடிக்கறான்னு எல்லாப் பொம்பளைங்களும் சிரிச்சாளுங்க. அவனும் சிரிச்சான். அதைச் சொல்ல நான் யார்கிட்டப் போறது? ஊர் பூரா உன்னைத்தான் அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடுது. நீதான் அவனை முழுசா எடுத்துக்கிட்டியே. எனக்கு எங்க மிச்சம் வெச்ச?"

இத்தனை நாளும் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரும் தனித்தனியாக அழுதிருக்கிறார்கள்.

"எங்க உட்கார்ந்தான்?" என்றாள் மறுபடி, மெதுவாக.

அவன் எழுந்து சட்டையை மாட்டினான். பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டான். அவள் சரி செய்யக் கையை நீட்டினாள். அவன் பின்னால் நகர்ந்தான்.

"மும்பிகிட்ட நானே காட்டறேன். பள்ளிக்கூடம் விடற நேரம் நான் போய்க்கறேன்."

"நானும் வரேன்."

"நீ வேணாம். இது ஒண்ணாவது என்கிட்ட இருக்கட்டும்."

குடையை எடுக்காமல் இறங்கினான். சந்தை வழியாகப் போகவில்லை. ஏரிக்கரையோடு போனான், எதிரே வருகிறவர் யாரும் இல்லாத பக்கம். பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் இருந்தது. மழை அவன் முதுகை மறைக்கும் வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் சொம்பா அம்மா ஓடி வரும் சத்தம் கேட்டது. கரண்ட் இல்லாததால் அவள் கடை பேட்டரியில்தான் தெருவில் எல்லார் போனும் சார்ஜ் ஏறும்.

"லுபுட்டோம்மா! உன் போன் அடிச்சுது, நான்தான் எடுத்தேன். உன் தங்கச்சி! வேலை கிடைச்சுடுச்சாம், ரூமும் பார்த்துட்டாளாம். சனிக்கிழமை பஸ்ஸுக்குப் புள்ளையை அனுப்பி வைக்கச் சொல்றா. இந்தா, லைன்லயே இருக்கா, பேசு!"

லுபுட்டோ அம்மா போனை வாங்கினாள். நகக்கண்ணில் இன்னும் வகுப்பறைத் தூசி இருந்தது.

"அக்கா? கேக்குதா?" தங்கச்சியின் குரல் தூரத்திலிருந்து வந்தது. "இன்னிக்குத்தானே பள்ளிக்கூடம் தொறந்தாங்க? மும்பிக்கு யாரு போனா?"